காவல் நாய்க்கும் கறவைக்கும் நேரும் ஒவ்வாமை நமைச்சல்

ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை தாலுக்காக்களில் தோட்டத்திலேயே வீடு கட்டிக் குடியிருக்கும் விவசாயிகளுள் காவலுக்கு நாய் வளர்க்காதவர் அரியர். ராகியானாலும் அவரையானாலும், தக்காளியானாலும் ரோஜாவானாலும், இராக்காலத்தில் பன்றி புகுந்ததையும் அயலான் புகுந்ததையும் முதலில் அறிவிப்பது அந்த நாயே. தொழிற்சாலைகள் பெருகி, இரவு பகல் என்ற வேறுபாடின்றி ஜனங்கள் நடமாடும் இவ்வெல்லைப் பிரதேசத்தில் அதனுடைய உபயோகம் முன்னிலும் அதிகமாயிற்று. இருந்தும், அந்நாய்க்கு நமைச்சல் கண்டுவிட்டால் அதற்கு நேரும் கதி மிகவும் பரிதாபமானது.

வழக்கமாக நிகழ்வது இதுதான். மழை பெய்து ஓரிரு மாதங்கள் கழிந்தபின் நாய் பாதங்களை ஓயாமல் நக்கத் தொடங்குகிறது. அடிவயிறும் தொடையிடுக்கும் சிவந்து மயிர் உதிர்கின்றன. வீட்டார் அதனைச் சொறி என்று முடிவு செய்து, டிராக்டரிலிருந்து வடித்த பழைய எண்ணெயையோ மண்ணெண்ணெயையோ உடம்பு முழுவதும் பூசுகின்றனர். முன்னரே புண்பட்டிருந்த தோல் இதனால் வெந்துபோகிறது. பூசியதை நக்குவதால் நாயின் குடலும் கெடுகிறது. பின்னர், குழந்தைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமே என்று அஞ்சி, நாயை வண்டியில் ஏற்றிச் சென்று நெடுஞ்சாலை ஓரத்தில் விட்டுவிடுகின்றனர். வீட்டார் ஒரு நல்ல காவலை இழக்கின்றனர். அடுத்த கிராமத்துக்கு வெறிநோய்த் தடுப்பூசியைத் தொடர்ந்து போட ஆளில்லாத தெருநாய் ஒன்று கூடுகிறது. இவ்வாறு துரத்தப்படும் நாய்களுள் பலவற்றுக்கு இருந்தது சொறி அன்று, ஒவ்வாமையே. ஒவ்வாமை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு ஒட்டுவதில்லை.

ஒவ்வாமை, அதாவது ஜனங்கள் அலர்ஜி என்று சொல்வது, கிருமியால் வரும் வியாதியன்று. உடம்பானது தனக்குத் தீங்கு செய்யும் கிருமிகளை எதிர்த்து நிற்பதற்கென்று ஒரு சக்தியைப் பெற்றிருக்கிறது. அச்சக்தி சில சமயம் தவறாக, பூந்தாது, பூச்சியின் உமிழ்நீர், ஆகாரம், செடியின் சுணை போன்றவற்றையும் பகையென்று எண்ணிப் போர் தொடுக்கிறது. அந்தப் போரின் விளைவே நமைச்சலும் தடிப்பும் வீக்கமும். முதன்முதல் படும்போது பெரும்பாலும் ஒன்றும் தெரிவதில்லை. பலமுறை பட்டுப் பழகிய பின்னரே உடம்பு மாறுபடுகிறது. "இத்தனை வருஷம் இதே தோட்டத்தில்தானே இருந்தது, இப்போது மட்டும் எப்படி வரும்?" என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை.

சொறியையும் ஒவ்வாமையையும் பிரித்தறிவது எங்ஙனமெனில், முதலில் நமைச்சல் தொடங்கிய இடத்தை நோக்க வேண்டும். சொறி என்பது கண்ணுக்குப் புலப்படாத சிற்றுண்ணி தோலுக்குள் வளை தோண்டுவதால் வருவது. அது காதுமடலின் விளிம்பு, முன்னங்கால் முட்டி, பின்னங்கால் குதிமூட்டு ஆகிய இடங்களில் பொருக்குத் தட்டித் தொடங்கும். காதின் விளிம்பை விரல்களால் மெல்லத் தேய்த்தால் நாய் தன்னையறியாமல் பின்னங்காலை உதைத்துச் சொறிவதுபோல் ஆட்டும். வீட்டிலுள்ள வேறு நாய்களுக்கும் பரவும். அதனைத் தூக்கிக் கொஞ்சியவர்களுடைய கைகளிலும் வயிற்றிலும் சிறு கொப்புளங்கள் தோன்றும். ஒவ்வாமையோ, ஒரே முற்றத்திலுள்ள மூன்று நாய்களுள் ஒன்றை மட்டும் பிடித்து மற்ற இரண்டையும் விட்டுவிடக்கூடும். இவ்வடையாளங்கள் வழிகாட்டுமேயன்றி முடிவாகா. கால்நடை மருத்துவர் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வதே முடிவு. அந்தச் சோதனைக்குச் செல்லும் நேரம் சிறிதே. அதனைத் தவிர்த்து மாதக்கணக்கில் எண்ணெய் பூசிக்கொண்டிருப்பது வீண்.

நாய்களின் ஒவ்வாமையில் தெள்ளுப்பூச்சியால் வருவதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வால் அடியிலும், இடுப்பின் மேற்புறத்திலும், பின்தொடைகளிலும் மயிர் உதிர்ந்து தோல் தடித்திருந்தால் பெரும்பாலும் இதுவே காரணம். "தேடிப் பார்த்தோம், ஒரு தெள்ளும் இல்லை" என்று சொல்வதுண்டு. ஒவ்வாமை கொண்ட நாய்க்கு நூறு தெள்ளுகள் வேண்டுவதில்லை. சில கடிகளில் உட்செல்லும் உமிழ்நீரே போதும். நமைச்சல் கண்ட நாய் தன்னைத் தானே கடித்துத் தெள்ளுகளை விழுங்கிவிடுவதால் அவை அகப்படுவதுமில்லை. ஈரமான வெள்ளைத் துணியின்மேல் நாயை நிறுத்திச் சீப்பால் வாரினால், கருமிளகுத் தூள்போல் விழுவது ஈரத்தில் செந்நிறமாகக் கரைகிறதா என்று பார்க்கவும். கரைந்தால் அது தெள்ளின் எச்சம். நாய் இழந்த இரத்தமே அது.

ஆனால் நாயின் உடம்பில் காணும் தெள்ளுகள் மொத்தத்தில் சிறு பங்கே. முட்டையும் புழுவும் கூடுமாக எஞ்சியவை நாய் படுக்குமிடத்து மண்ணிலும், சாக்கிலும், திண்ணை விரிசலிலும், ஆட்டுப்பட்டியின் புழுதியிலும் கிடக்கின்றன. கூட்டுக்குள் இருப்பது மாதக்கணக்கில் காத்திருந்து, காலடி அதிர்ச்சி கேட்டவுடன் வெளிப்பட்டுத் தாவும். ஆகையால் நாய்க்கு மட்டும் மருந்திட்டுப் பட்டியை விட்டுவிட்டால் பயனில்லை. ஆடுகளும் தெள்ளைச் சுமப்பனவாதலால் நாய், பூனை, ஆடு எல்லாவற்றுக்கும் ஒரே நாளில், அதனதற்கு உரிய மருந்தை இடுதல் வேண்டும். படுக்கைச் சாக்கை வாரம் ஒருமுறை கொதிநீரில் அலசி உச்சி வெயிலில் உலர்த்துக. பட்டிப் புழுதியைச் சுரண்டி எருக்குழியில் இட்டு மூடுக. இவ்வாறு இரண்டு மூன்று மாதங்கள் விடாமல் செய்தாலன்றிச் சுற்று அறாது.

இனி, இப்பிரதேசத்திற்கே விசேஷமாகச் சொல்லத்தக்க காரணம் ஒன்று உண்டு. அது பார்த்தீனியச் செடி. கன்னடத்தார் காங்கிரஸ் புல் என்றும், தெலுங்கு பேசுவோர் வய்யாரிபாமா என்றும் சொல்லும் இக்களை, அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளிலிருந்து வந்தது. 1955ஆம் ஆண்டில் புனேயில் கவனிக்கப்பட்டது. பின்னர் பெங்களூரைச் சுற்றிலும் அளவின்றிப் பரவிற்று. கர்நாடக அரசு 1975இலேயே இதனைத் தீய களையென்று சட்டப்படி அறிவித்தது. அறிவிப்பைக் கண்டு அஞ்சும் களை ஏது? அத்திப்பள்ளிச் சுங்கத்தை அது கேளாமலே கடந்தது. இன்று ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை நெடுஞ்சாலையின் இரு மருங்கிலும், ரயில் பாதையோரத்திலும், மனைகளாகப் பிரித்துக் கல் நட்டுக் கட்டாமல் விட்ட தரிசுகளிலும் மழைக்குப் பிறகு வெள்ளைப் பூக்களுடன் நிற்கிறது. விளைநிலம் மனையாகிக் கிடக்கும் இடமே இக்களைக்கு நாற்றங்கால்.

இதன் தண்டிலும் இலையிலுமுள்ள சுணைகளிலும், பூந்தாதிலும் பார்த்தெனின் என்னும் சத்து இருக்கிறது. மனிதருக்குத் தோல் அழற்சியையும் தும்மலையும் மூச்சிரைப்பையும் உண்டாக்குவது இச்செடி என்பது பெங்களூரில் நெடுங்காலம் ஆராயப்பட்டது. பெங்களூர் ஆராய்ச்சியாளர்கள் 1970களில் மாடுகளுக்கும் எருமைகளுக்கும் இதனைத் தீவனத்தில் கலந்து கொடுத்துப் பார்த்தனர். நமைச்சல், மயிர் உதிர்தல், தோலின் நிறம் வெளுத்தல், வாய்ப்புண், கழிச்சல் ஆகியவை கண்டன. மிகுதியாக உண்டவை இறந்தும் போயின. இயல்பாக மாடு இதனைத் தீண்டாது. கோடையில் வேறு பசுமை இல்லாதபோதும், அறுத்துக் கட்டிய புல்லில் கலந்துவிட்டபோதும்தான் தின்கிறது. தின்ற பசுவின் பாலில் கசப்பேறும். சங்கத்தில் பால் திருப்பப்படும்போது கறவைக்காரர் தம் புல்லுக்கட்டைப் பிரித்துப் பார்ப்பது நலம்.

நாயோ இச்செடியைத் தின்பதில்லை, அதனூடே ஓடுகிறது. இக்குடும்பத்துச் செடிகள் நாய்களிடத்தும் தொட்டவிடத்து அழற்சியை உண்டாக்கக்கூடியவை. மயிரடர்ந்த முதுகில் சுணை தைப்பதில்லை. மயிர் குறைந்த அடிவயிறு, தொடையிடுக்கு, அக்குள், விரலிடை, மோவாய் ஆகியவையே சிவந்து கொப்புளிக்கும். ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற குறுமயிர் நாய்களை வைத்திருப்போர் இதனை அதிகமாகக் கவனிக்க வேண்டும். பரீட்சை எளிது: நாயைப் பதினைந்து நாள் சுத்தமான முற்றத்தில் கட்டி வைத்து, வேறொன்றும் மாற்றாமல் இருந்து பார்க்கவும். நமைச்சல் தணிந்து, மறுபடி வெளியே விட்ட சில நாட்களில் திரும்பினால் காரணம் வெளியிலுள்ளது என்பது தெளிவு. அக்காலத்தில் நாய் தோட்டத்திலிருந்து வந்தவுடன் பாதங்களையும் வயிற்றையும் குளிர்ந்த நீரால் கழுவி ஈரம்போகத் துடைத்துவிடுவதே பாதி வைத்தியம். கழுவுகிறவர் கையுறை அணிக. மயிரில் ஒட்டிய பூந்தாது அவருக்கும் ஆகாது.

கறவைகளில் ஒவ்வாமைபோல் தோன்றி வேறாயிருப்பது ஒன்றை இங்கே சொல்லாமல் விடுதல் கூடாது. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிக் காடுகளின் ஓரத்தில் மேயும் மாடுகள் உண்ணிச்செடியின் இலையைத் தின்றுவிடுவதுண்டு. அதன் நஞ்சு ஈரலைக் கெடுக்க, பச்சைத் தீவனத்திலிருந்து பிறக்கும் ஒரு பொருள் வெளியேற வழியின்றி இரத்தத்தில் தேங்கி, வெயில் பட்டவுடன் தோலை எரிக்கிறது. கறுப்பு வெள்ளைக் கலப்பினப் பசுவில் வெள்ளைத் திட்டுகள் மட்டும் தோல் உரிந்து, கறுப்புப் பகுதி நன்றாயிருந்தால் இதனையே சந்தேகிக்க வேண்டும், கண்ணும் மஞ்சளிக்கும். அப்பசுவை உடனே நிழலில் கட்டி மருத்துவரை அழைக்க வேண்டுமேயன்றி, நமைச்சலுக்குக் களிம்பு பூசிக்கொண்டிருத்தல் ஆகாது.

மற்றொன்று வினோதமானது. சில ஜெர்சி ரகப் பசுக்கள் தம் பாலுக்கே ஒவ்வாமை கொள்கின்றன. கறக்கும் நேரம் தவறி மடியில் பால் நிறைந்து தேங்கும்போது, பாலின் சத்து இரத்தத்தில் கலந்து, உடம்பெங்கும் தட்டுத் தட்டாகத் தடிப்பு எழும்பும், கண்ணிமை வீங்கும், சிலவற்றுக்கு மூச்சிரைக்கும். மடியை முற்றும் கறந்துவிடுவதே முதல் சிகிச்சை. பால் வற்றவிடும் காலத்தில் இப்பசுக்களை விசேஷமாகக் கவனிக்க வேண்டும். இக்குணம் வம்சத்தில் தொடர்வதால், இதன் கன்றை வைத்துக்கொள்வதா என்பதையும் யோசிக்கலாம்.

ஆகாரத்தால் வரும் ஒவ்வாமை நாய்களுக்கு உண்டு. ஆனால் ஜனங்கள் நினைக்குமளவுக்கு இல்லை. அது பருவம் பாராமல் வருஷம் முழுவதும் இருக்கும். காதில் அடிக்கடி சீழும், சிலவற்றுக்கு வயிற்றுப்போக்கும் காணும். மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை ஆகியவை அடிக்கடி காரணமாவன. ராகிக்களியும் பாலும் உண்டு வளரும் நாய்க்குக் களியைக் குறை சொல்லுமுன் பாலை நிறுத்திப் பார்ப்பது தகும். முறையான சோதனைக்கு, அதுவரை உண்டறியாத ஓர் இறைச்சியையும் ஒரு தானியத்தையும் மட்டும் எட்டு வாரம் கொடுக்க வேண்டும். குழந்தைகள் மறைவில் இடும் ஒரு பிஸ்கட்டு அவ்வெட்டு வாரத்தையும் பாழாக்கிவிடும்.

இதுவன்றி, பூந்தாதும் தூசிச் சிற்றுண்ணியும் காரணமாகச் சில நாய்களுக்குப் பிறவிக்குணமாய் அமைந்த ஒவ்வாமையும் உண்டு. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வயதுக்குள் தொடங்கி, முகம், காது, பாதம், அக்குள்களில் காணும். இதனை முற்றும் நீக்க வழியில்லை, அடக்கி வைக்கலாம். இதனை முன்னமே அறிந்துகொண்டவர் ஊர் ஊராகப் போய்ப் பணத்தைத் தொலைக்கமாட்டார்.

மருந்துகளைப் பற்றிச் சில எச்சரிக்கைகள் அவசியம். மாட்டின் உண்ணிக்கென்று வாங்கிய டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் முதலிய மருந்துகளை மிச்சமிருக்கிறதே என்று பூனைக்குப் பூசினால் பூனை வலிப்புக் கண்டு இறக்கும். பூசிய நாயோடு அது உறங்கினாலும் ஆபத்தே. பினாயில் கலந்த நீரால் பூனையைக் கழுவுதலும் அத்தகையதே. மனிதருக்கு ஜலதோஷத்துக்கென்று விற்கும் மாத்திரைகளுள் பலவற்றில் பாரசிட்டமால் கலந்திருக்கிறது. அதில் ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். நமைச்சலை ஒரே நாளில் நிறுத்தும் ஊசி ஒன்று உண்டென்று கேள்விப்பட்டு அதனையே கேட்டு வாங்குவோர் பலர். அது ஸ்டீராய்டு. தேவையான இடத்தில் மருத்துவர் அளவோடு தருவது நல்லதே; மாதந்தோறும் தொடர்ந்தால் தாகம் மிகும், வயிறு தொங்கும், தோல் மெலியும், புண் ஆறாது. இரண்டாவது மருத்துவரிடம் செல்பவர் முதலாமவர் போட்டதை மறைக்கக் கூடாது. வெளிநாட்டு மேய்ப்பு நாயான காலி இனத்துக்கும் அதன் கலப்புக்கும் சொறிக்கான ஐவர்மெக்டின் ஊசி நஞ்சாகலாம் என்பதையும் நினைவில் வைக்க.

சில ஒவ்வாமைகள் மணிக்கணக்கில் காத்திரா. தேனீயோ குளவியோ கொட்டிய பின்னும், அரிதாகத் தடுப்பூசி போட்ட பின்னும், நாயின் மூக்கும் கண்ணிமையும் திடீரென வீங்கும். உடம்பில் தடிப்பு எழும். இவ்வளவோடு நின்றால் பெரும்பாலும் பிழைக்கும். வாந்தி, தள்ளாட்டம், ஈறு வெளுத்தல், மூச்சுத் திணறல் ஆகியவற்றுள் ஒன்று சேர்ந்தாலும் உயிருக்கு ஆபத்து. 1962 என்ற எண்ணுக்குச் சொல்லிக் கால்நடை ஊர்தியை அழைப்பதோ, கைக்கு அகப்பட்ட வண்டியில் கொண்டு போவதோ தாமதமின்றிச் செய்ய வேண்டும். கரும்பிலும் கல்குவியலிலும் மோப்பம் பிடித்துத் திரிந்த நாயின் முகம் ஒருபுறம் வீங்கி, இரத்தம் கசிந்தால் கண்ணாடிவிரியன் கடியாகவும் இருக்கலாம். எதுவென்று வீட்டில் ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். தடுப்பூசிக்குப் பின் அரைமணி நேரம் மருந்தகத்திலேயே இருந்துவிட்டு வருவது நல்ல வழக்கம். ஒருமுறை முகம் வீங்கிற்று என்பதற்காக வெறிநோய் ஊசியையே விட்டுவிடுதல் பெருந்தவறு. அடுத்த முறை முன்கூட்டிச் சொன்னால் மருத்துவர் தக்க ஏற்பாடு செய்வார்.

இனி, பார்த்தீனியத்தை ஒழிக்கும் காரியம். ஒருவர் தம் வரப்பைச் சுத்தம் செய்து, பக்கத்துப் புறம்போக்கு பூத்து நின்றால் அவருடைய நாய்க்கு நிவாரணம் இல்லை. ஒரு செடி 15,000 முதல் 25,000 விதைகள் வரை உதிர்க்கிறது. காற்றும் வாய்க்கால் நீரும் டிராக்டர் சக்கரத்துச் சேறும் அவற்றைக் கொண்டு செல்கின்றன. ஆகவே இது கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சியும் முன்னின்று செய்யத்தக்க வேலை. ஜபல்பூரிலுள்ள களை ஆராய்ச்சி நிலையத்தின் ஏற்பாட்டில் வருஷந்தோறும் ஆகஸ்டு 16 முதல் 22 வரை பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் நடத்தப்படுகிறது. அவ்வாரத்தில் ஒரு படம் எடுத்துக்கொள்வதோடு வேலை முடிந்துவிடக் கூடாது. முளைத்து ஒன்று அல்லது ஒன்றரை மாதத்தில் இச்செடி பூத்துவிடுமாதலால், ஆகஸ்டில் பிடுங்கிய இடத்தில் செப்டம்பர் மழைக்கு முளைத்தது அக்டோபரில் பூத்து நிற்கும். ஒவ்வொரு நல்ல மழைக்கும் மூன்று வாரம் கழித்து ஒரு நடை என்று கணக்கு வைத்துக்கொள்வதே பலன் தரும்.

பூக்குமுன், மண் ஈரமாயிருக்கையில் வேரோடு பிடுங்குக. கையுறையும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். இழைப்பு நோய் உள்ளவர்களையும், முன்பே தோல் அரிப்புக் கண்டவர்களையும் இவ்வேலைக்கு அனுப்பலாகாது. பூக்காத செடியைக் கம்போஸ்டுக் குழியில் இடலாம். பூத்ததை இட்டால் விதையை வயலுக்கே உரமாக இறைப்பதாகும். பயிரில்லாத சாலையோரத்திலும் தரிசிலும், லிட்டர் நீருக்கு 200 கிராம் கறியுப்பும் 2 மில்லி சோப்புத் திரவமும் கலந்து, நல்ல வெயிலில் இலை நனையத் தெளித்தால் செடி கருகும். பயிர் நிலத்துக்கு உப்பைக் கொண்டுபோகலாகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? சுத்தம் செய்த இடத்தை வெறுமையாக விடாமல் தகரை விதையையோ துலுக்கச் சாமந்தி விதையையோ தூவினால் அவை அடர்ந்து வளர்ந்து களையை நெருக்கும். பூச்சந்தை அருகிலிருக்கும் ஓசூரில் சாமந்தி கைச்செலவுக்கும் உதவலாம்.

மெக்சிக்கோவிலிருந்து பெங்களூருக்குக் கொண்டுவரப்பட்டு, சோதனைக்குப்பின் 1984இல் வெளியில் விடப்பட்ட ஒரு வண்டு இச்செடியைத் தின்று அழிக்கிறது. வெளிர்மஞ்சள் முதுகில் கரிய வளைகோடுகள் உடையது, துவரம்பருப்பு அளவிருக்கும். மழைக்காலத்தில் கூட்டமாய்த் தோன்றிப் பின் மண்ணுக்குள் சென்று உறங்கும். 1990களில் சூரியகாந்தியைத் தின்கிறதென்று ஒரு பயம் எழுந்து, விசாரித்து, பயிருக்கு ஆபத்தில்லை என்று தெளியப்பட்டது. இந்த வண்டு மொய்த்திருக்கும் தரிசில் உப்பு நீரும் தெளிக்க வேண்டாம், பூச்சிமருந்தும் அடிக்க வேண்டாம். செடியோடு நூறு இருநூறு வண்டுகளைக் கொய்து, துளையிட்ட டப்பாவில் போட்டு, வண்டு இல்லாத அடுத்த புறம்போக்கில் அன்று மாலையே விட்டுவிடலாம்.